பற்றாசும் பக்குவமும்



தமிழிலே ‘ஆசு’ என்று ஒரு சிறு சொல் உண்டு. குற்றம் என்பது அதன் பலரறிந்த பொருள். பற்றுக்கோடு என்பதும் அதன் பொருள்களுள் ஒன்றாகும். உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும்பொருட்டு இடையிலே உருக்கி இடும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்று பெயர். யாப்பிலக்கணம் கற்றோர் ஆசிடை வெண்பாவை அறிவர். இரண்டு குறள் வெண்பாக்களை ஒரு வெண்பாவாக இணைக்கும்போது, முதற் குறளின் இறுதியும் அதனையடுத்த தனிச்சொல்லும் ஓசையாற் பொருந்தாவிடின், ஓரசையோ ஈரசையோ இடையிலே சேர்த்துப் பொருத்துவர். அச்சிற்றசைக்கு ஆசு என்று பெயர். உலோகத்தைப் பற்றாசு இட்டு இணைக்கும் தொழிலையே இலக்கண உரைகாரர் இதற்கு உவமையாகக் கண்டனர். ஓரசை, மிஞ்சினால் ஈரசை, அதற்குமேல் இடமில்லை. எதனை இடுவது, எங்கே இடுவது, எவ்வளவு இடுவது என்னும் மூன்றும் தெரிந்தவனே பாட்டையும் இணைக்கலாம், பாத்திரத்தையும் இணைக்கலாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தப் பற்றாசே. அணிகலனையும் பாத்திரத்தையும் விட்டு, உங்கள் வானொலிப் பெட்டியின் உள்ளேயும், தொலைபேசியின் உள்ளேயும், வீட்டிலே எரியும் எல்.ஈ.டி. விளக்கின் உள்ளேயும் கண்ணுக்குப் புலப்படாது கிடக்கும் பற்றாசைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

இதனை இப்பொழுது பேச வேண்டிய தேவை யாது? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது, மகாவலி கரைபுரண்டு கம்பளையின் தாழ்ந்த பகுதிகளுட் புகுந்தது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் வீட்டு வாசல்களிற் குவியும் பொருள்களுள் சேறு படிந்த மின்கருவிகளும் உள்ளன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைக் கண்ட குடும்பங்களுக்கு, பழையதை எறிந்து புதியதை வாங்குதல் எளிதான காரியமன்று. ஆயினும் இத்தகைய கருவிகளைக் குறித்து நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ‘இவ்வளவு நுண்ணிய உறுப்புகளை மனிதக் கை திருத்தாது, எறிந்துவிடு’ என்பது ஒன்று. ‘ஏதோ ஓர் ஈயத்தை உருக்கி ஒட்டினாற் போதும்’ என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் திருத்தக்கூடியதைக் குப்பையாக்குகிறது. இரண்டாவது, திருத்த வந்ததைக் கெடுத்துவிடுகிறது. இரண்டிற்கும் நடுவே ஓர் அறிவு இருக்கிறது. அதனைக் கற்கலாம், கற்பிக்கவும் கூடும்.

சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. அதற்கு முன்னர் நடைபெற்ற பரீட்சார்த்த ஒலிபரப்புகளுக்கு, எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித் திணைக்களப் பொறியியலாளரும் அவருடன் பணிபுரிந்தோரும், கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே ஒலிபரப்பியை அமைத்தனர் என்பது வானொலி வரலாறு. பழையதைப் பிரித்துப் புதியதாக்கும் கலையிலேதான் இந்நாட்டின் ஒலிபரப்பே பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. அக்காலத்து உறுப்புகள் கைவிரல் போற் பருத்தவை. பின்னர் வந்த திரான்சிற்றர் வானொலியிலும், தடையி, கொள்ளளவி என்னும் உறுப்புகளுக்குக் கம்பிக் கால்கள் இருந்தன. அக்கால்களைச் சுற்றுப்பலகையின் துளைகளினூடே செலுத்தி, மறுபக்கத்திலே பற்றாசு வைத்தனர்.

துளையே இல்லாமல், பலகையின் மேற்பரப்பிலேயே உறுப்புகளை அமர்த்தும் முறை 1960களில் உருவாயிற்று. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம், சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சாட்டர்ன் ஏவூர்தியின் கணினியிலே இம்முறையைக் கையாண்டது. 1980களில் இது வீட்டுப் பொருள்களுக்குப் பரவியது. இன்று கடையிலே விற்கும் மின்கருவிகளுட் பெரும்பாலானவை இம்முறையில் அமைந்தவையே. பழுதுபார்ப்போர் இவ்வுறுப்புகளை எஸ்.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்வர். கையால் வேலைசெய்வதற்கு வசதியான உறுப்பொன்றின் நீளம் 1.6 மில்லிமீற்றர், அகலம் 0.8 மில்லிமீற்றர். தொலைபேசிகளிலே 0.6 மில்லிமீற்றர் நீளமும் 0.3 மில்லிமீற்றர் அகலமும் உடைய உறுப்புகளும் உண்டு. தேயிலைத் தூளில் ஒரு துகளை எண்ணிக்கொண்டால் கம்பளை மக்களுக்கு அதன் பருமன் எளிதில் விளங்கும்.

துளை போனதால் இடம் மிச்சமாயிற்று. பலகையின் இருபுறமும் உறுப்புகளை வைக்க முடிந்தது. பொறிகளைக் கொண்டு விரைவாக அமர்த்தவும் முடிந்தது. ஆனால் ஒரு பொறுப்பு மாறிவிட்டது என்பதை நாம் மறக்கலாகாது. துளையினூடே சென்ற கம்பிக்கால் உறுப்பைத் தாங்கிப் பிடித்தது. பற்றாசு அதற்குத் துணையாக நின்றது. இப்பொழுதோ அநேகமாகப் பற்றாசு ஒன்றே தாங்குகிறது. மின்சாரம் செல்லும் வழியும் அதுவே, உறுப்பை நிறுத்தும் தூணும் அதுவே. கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையிலுள்ள எம்பக்கே தேவாலயத்தைப் பார்த்தவர்கள், கூரையின் ஒரு முனையிலே இருபத்தாறு மரக்கைகளை ஒரே ஆப்பினால் இணைத்திருக்கும் அற்புதத்தைக் கண்டிருப்பர். ‘மடொல் குருபாவ’ என்று அதனை அழைப்பர். அவ்வாப்பு தகாத மரத்தினாற் செய்யப்பட்டிருந்தால் கூரையின் கதி என்னவாகியிருக்கும்? நுண்ணிய உறுப்புக்குப் பற்றாசைத் தெரிவுசெய்வோரும் அவ்வினாவையே மனத்திற்கொள்ளல் வேண்டும்.

பற்றாசு பசை போல ஒட்டுவதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பசை இரு பொருள்களின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. உருகிய வெள்ளீயமோ செம்பைக் கரைத்து, அதனோடு கூடி, இரண்டுக்கும் இடையே மெல்லியதொரு புதிய சேர்வைப் படலத்தை உண்டாக்குகிறது. அப்படலம் உண்டானாலன்றி இணைப்பு உண்டானதாகக் கொள்ள முடியாது. அது தோன்றுவதற்குச் செம்பு துப்புரவாக இருத்தல் வேண்டும். செம்பும் உறுப்பின் முனையும் பற்றாசு உருகும் அளவுக்குச் சூடேறுதலும் வேண்டும். துப்புரவும் சூடும் போதாவிடில் பற்றாசு தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். துணியிலே நீர் படர்வதுபோல அது படர்ந்து, ஓரங்களில் மெலிந்து, உட்குழிந்த சரிவாக நின்றால் இணைப்பு நன்று எனக் கொள்ளலாம். படலம் தோன்றுவது எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே அது தடிக்காமல் இருப்பதும் இன்றியமையாதது. நெடுநேரம் சூடேற்றினால் படலம் தடித்து, இணைப்பு நொறுங்குந்தன்மை அடையும்.

இனி, எந்தப் பற்றாசு என்னும் வினாவுக்கு வருவோம். கடைகளிலே கிடைப்பவற்றை மூன்று குடும்பங்களாக வகுக்கலாம்.

முதற் குடும்பம் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த பழைய கலப்புலோகம். நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்தால், அக்கலவை 183 பாகை செல்சியசில் ஒரே கணத்தில் உருகும். ஆறும்போது அதே வெப்பநிலையில் ஒரே கணத்தில் இறுகும். 60க்கு 40 என்ற கலவையோ, இறுகுமுன் சில பாகை தூரம் கூழ்போல் நிற்கும். அந்நேரத்திலே கை சற்று அசைந்தாலும் இணைப்பினுள்ளே விரிசல் தோன்றும். பெரிய கம்பிகளுக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று. சாமணத்தாற் பிடித்திருக்கும் நுண்ணுறுப்புக்கோ 63க்கு 37 என்பதே உகந்தது. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடில்லை. சுருளின் மேலிருக்கும் எண்களைப் படித்து வாங்கும் பழக்கமே நமக்கு வேண்டும்.

இரண்டாவது குடும்பம் காரீயம் கலவாதது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி தொடக்கம் மின்கருவிகளிலே காரீயத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திற்று. அதன்பின் உலகச் சந்தைக்குக் கருவி செய்வோர் பெரும்பாலும் இக்குடும்பத்துக்கு மாறினர். இதிற் பெயர்பெற்ற கலவையில் 96.5 பங்கு வெள்ளீயமும், 3 பங்கு வெள்ளியும், அரைப் பங்கு செம்பும் உள்ளன. இது 217 பாகையில் உருகத் தொடங்கும். பழைய கலவையிலும் 34 பாகை கூடுதலாக வேண்டும் என்பதால், உறுப்பும் பலகையும் கூடிய சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. இது படர்வதும் சற்று மந்தம். ஆறியபின் மங்கலாகத் தோன்றும். காரீயக் கலவையிலே மங்கல் என்பது குறையைக் காட்டும் அடையாளம். இங்கே அது இயல்பு. பழைய கண்ணோடு புதிய இணைப்பைப் பார்த்து, நல்லதை மீண்டும் மீண்டும் சுட்டுக் கெடுப்போர் பலர்.

மூன்றாவது குடும்பம் பிஸ்மத்து என்னும் உலோகம் சேர்ந்தது. 42 பங்கு வெள்ளீயமும் 58 பங்கு பிஸ்மத்தும் சேர்ந்த கலவை 138 பாகையிலேயே உருகிவிடும். சூடு தாங்காத பிளாத்திக்கு இணைப்பிகளுக்கும், மெல்லிய பலகைகளுக்கும் இது நன்று. ஆனால் இது அதிர்ச்சியைப் பொறுக்காது; கீழே விழும் கருவிகளில் எளிதில் நொறுங்கும். இதனை எங்கே பயன்படுத்தலாகாது என்பதற்கு எல்.ஈ.டி. விளக்கு தக்க எடுத்துக்காட்டாகும். அவ்விளக்கு எரியும்போது அதன் அலுமினியத் தட்டு கைவைக்க முடியாதபடி சூடேறுகிறது. 138 பாகையில் உருகும் பற்றாசு அச்சூட்டிலே நாளும் தளர்ந்து தளர்ந்து கெடும். இன்னொரு விலக்கும் உண்டு. காரீயம் உள்ள பழைய இணைப்பின்மேல் பிஸ்மத்துப் பற்றாசை இட்டால், மூன்று உலோகங்களும் கூடி ஏறத்தாழ 96 பாகையிலேயே உருகத்தக்க பகுதியொன்றைத் தோற்றுவிக்கும். கொதிக்கும் நீரின் சூட்டுக்கும் தாங்காத ஓர் இணைப்பை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

ஆகவே, எல்லாவற்றிலும் சிறந்த பற்றாசு எது என்று கேட்பதிற் பயனில்லை. இப்பலகையில் முன்னர் இருந்தது எது, இக்கருவி எவ்வளவு சூடேறும், எவ்வளவு அதிரும், யார் கையிற் படும் என்று கேட்டல் வேண்டும். பழுதுபார்க்கும்போது, முன்பிருந்த குடும்பத்தையே தொடர்வது பொதுவிதி. 2006க்குப் பிற்பட்ட பலகைகள் பலவற்றில் காரீயம் இன்மையைக் குறிக்கும் அடையாளம் அச்சிடப்பட்டிருக்கும். பழைய பற்றாசைச் செப்புப் பின்னலால் உறிஞ்சி அகற்றி, துப்புரவாக்கிய பின்னரே வேறு குடும்பத்தை இடவேண்டும்.

கம்பியாக வாங்குவோர், நுண்வேலைக்கு அரை மில்லிமீற்றர் தடிப்பிலும் மேற்படாததை வாங்குதல் நன்று. தடித்த கம்பியின் ஒரு தொடுகையே நுண்ணுறுப்பை மூழ்கடித்துவிடும். பசை வடிவிலும் பற்றாசு கிடைக்கிறது. அது நுண்ணிய உலோக உருண்டைகளை இளக்கியோடு குழைத்தது. அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். எடுத்தவுடன் மூடியைத் திறக்கலாகாது. மலைநாட்டின் ஈரக்காற்று குளிர்ந்த பசையின்மேல் நீராகப் படியும்; அந்நீர் சூட்டிலே ஆவியாகித் தெறித்து, பற்றாசுத் துளிகளைக் கண்ட இடமெல்லாம் சிதறச்செய்யும். மூடியபடியே சில மணிநேரம் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் திறப்பதே முறை.

பற்றாசுக்கு அடுத்தபடியாக, சொல்லப்போனால் அதற்கு நிகராக, முக்கியமானது இளக்கி. செம்பின்மேல் படியும் ஒட்சைட்டுப் படலத்தைக் கரைத்து, பற்றாசு படர வழிசெய்வது இதுவே. இதிற் பழைமையானது ரொசின். ஹந்தான மலைச் சரிவுகளிலே வளர்ந்திருக்கும் பைனஸ் மரங்களை நேயர்கள் அறிவீர்கள். அவ்வகை மரத்தைக் கீறினால் வடியும் பாலைக் காய்ச்சினால், கற்பூரத் தைலம் ஆவியாகப் பிரிந்துபோக, எஞ்சி இறுகுவது ரொசின் ஆகும். வயலின் வில்லிலே பூசுவதும் இதுதான். குளிர்ந்த நிலையில் இது அசைவற்ற கண்ணாடி போன்றது; எவற்றையும் அரிக்காது. உருகியபோது அமிலமாகத் தொழிற்பட்டு ஒட்சைட்டைத் தின்னும். ஆறியதும் மீண்டும் உறங்கிவிடும். இவ்வளவு நல்லியல்புள்ள வேலையாள் கிடைப்பது அரிது.

பாத்திரத்துக்கும் வாகனத்தின் தகட்டுக்கும் பயன்படும் நாகக் குளோரைட்டு இளக்கியோ உறங்காதது. அதனை மின்கருவியில் இட்டால், வேலை முடிந்த அன்று இணைப்பு பளபளக்கும். ஈரமான மாதங்கள் சில கழிந்தபின் பச்சை பூத்து, செப்புக் கோடுகளே அறுந்துபோகும். தகரவேலைக்குரிய டப்பாவை இலத்திரனியல் மேசையில் வைப்பதே கூடாது என்பது என் கருத்து.

இனிக் கைப்பக்குவத்தைக் கவனிப்போம். நுண்ணுறுப்புக்கு ஊசிபோன்ற முனையுள்ள பற்றாசுக்கோலே வேண்டுமெனப் பலர் எண்ணுகின்றனர். ஊசிமுனையினால் வெப்பம் போதிய அளவு செல்லாது. அதனை ஈடுசெய்ய வெப்பநிலையை உயர்த்துவர். அதனால் முனையும் கருகும், இளக்கியும் கருகும், பலகையின் செப்புத் திட்டும் பெயர்ந்துவரும். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள உளிமுனையே உகந்தது. காரீயக் கலவைக்கு 320 பாகை அளவிலும், காரீயமற்றதற்கு 350 பாகை அளவிலும் கோலின் வெப்பநிலையை வைத்து, ஓரிணைப்பை இரண்டு மூன்று விநாடிக்குள் முடித்தல் வேண்டும்.

இருமுனையுள்ள உறுப்பொன்றை அமர்த்தும் ஒழுங்கு பின்வருமாறு. முதலில் இரு செப்புத் திட்டுகளுள் ஒன்றில் மட்டும் சிறிதளவு பற்றாசை இடுக. இளக்கி தடவுக. சாமணத்தால் உறுப்பைப் பிடித்து, அப்பற்றாசை உருக்கியபடியே அதனுள் நகர்த்தி வைத்து, கோலை எடுத்துவிட்டு, இறுகும்வரை கை அசையாது நிற்க. பின்னர் மறுமுனைக்குப் பற்றாசு இடுக. இறுதியாக முதல் முனைக்குத் திரும்பி, சிறிது இளக்கியோடு அதனை மீளவும் உருக்கிச் செப்பமாக்குக. முதலிலேயே இரு திட்டுகளுக்கும் பற்றாசு இடுவோர், உறுப்பு சாய்ந்து நிற்பதைக் கண்டு மீளவும் மீளவும் சுடுவர். இங்கே குறைவாகச் சுடுவதே திறமை. பீங்கான் கொள்ளளவி திடீர்ச் சூட்டினால் உள்ளே வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. எனவே கோலின் முனையால் உறுப்பை நேராகத் தொடாது, செப்புத் திட்டைத் தொட்டுச் சூட்டை உட்செலுத்துதல் வேண்டும்.

பல கால்கள் உள்ள தொகையிடு சுற்றுக்கு முதலில் மூலைவிட்டமாக எதிரெதிர் நிற்கும் இரண்டு கால்களை மட்டும் பற்றவைத்து, மற்றெல்லாக் கால்களும் தத்தம் திட்டின்மேல் நிற்கின்றனவா என்று உருப்பெருக்குக் கண்ணாடியாற் பார்த்தல் வேண்டும். பின்னர் வரிசை முழுவதற்கும் தாராளமாக இளக்கி தடவி, முனையிலே சிறிது பற்றாசு ஏந்தி, கால்களின் நெடுக மெல்ல இழுத்துச் செல்லவேண்டும். பலகையின் பச்சைப் பூச்சு பற்றாசை விலக்கும், செம்பு ஈர்க்கும், மேற்பரப்பு இழுவை என்னும் இயற்கை விதியே ஒவ்வொரு காலுக்கும் அதற்குரிய பங்கைப் பிரித்துக் கொடுக்கும். இரு கால்களுக்கிடையே பாலம் தோன்றினால் அஞ்ச வேண்டுவதில்லை. இளக்கி தடவிய செப்புப் பின்னலை அதன்மேல் வைத்து, பின்னலின்மேற் கோலை அழுத்தினால் மிகுதி உறிஞ்சப்படும்.

கால்கள் வெளியே தெரியாது அடிவயிற்றிலே இணைப்புகள் உள்ள உறுப்புகளும் உண்டு. அவற்றுக்குப் பற்றாசுக்கோல் பயன்படாது. சூடான காற்றோ, அடியிலிருந்து சூடேற்றும் தட்டோ, அடுப்போ வேண்டும். தொழிற்சாலைகளில் அச்சுத்தகட்டின் வழியே பசையைப் பூசி, உறுப்புகளை அமர்த்தி, பலகை முழுவதையும் அடுப்பினூடே செலுத்துவர். அங்கே வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மெல்ல ஏறி 150 பாகைக்குமேல் சிறிது நேரம் நின்று, பலகை முழுவதும் சமச்சூடு அடைந்து, இளக்கி தன் வேலையைத் தொடங்க இடந்தரும். பின்னர் காரீயமற்ற கலவையாயின் 240 பாகை அளவுக்கு உயர்ந்து, உருகிய நிலையில் ஒரு நிமிடம் அளவே நின்று, அதன்பின் ஒழுங்காக ஆறும். சமச்சூடு தவறினால் என்ன நேரும்? உறுப்பின் ஒரு முனையில் பற்றாசு முந்தி உருகி, தன் இழுவையினால் உறுப்பை நிமிர்த்திவிடும். அது ஒற்றைக் காலில் நடுகல் போல நிற்கும். வீட்டிலே சூடான காற்றைப் பயன்படுத்துவோரும் இவ்வொழுங்கையே சிறிய அளவில் பின்பற்றுதல் வேண்டும். பலகை முழுவதையும் முதலில் மெல்லச் சூடாக்கி, பிறகே வேண்டிய இடத்திற் காற்றைக் குவித்து, வட்டமாக அசைத்துக்கொண்டிருத்தல் வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த கருவிகளுக்கு வருவோம். முதற்கடமை அதனை இயக்கிப் பாராதிருத்தல். நீரைவிட, நீரும் மின்சாரமும் சேர்வதே செம்பை விரைவாகத் தின்னும். மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தை அகற்றுக. பிரதான மின்சாரத்தில் இயங்கும் கருவிகளின் பெரிய கொள்ளளவிகளில் மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும். ஆதலால் அவற்றைப் பயிற்சி பெற்றோரே திறக்கவேண்டும். பலகையைத் தனியே எடுத்து, சேற்றைத் துப்புரவான நீராற் கழுவி, அதன்பின் ஐசோபுரப்பைல் அற்ககோலினாலும் மென்தூரிகையினாலும் துலக்கி, நன்றாக உலரவிடுக. நனைந்த பலகையை உடனே சூட்டுக்கு உள்ளாக்குதல் ஆபத்து. உறுப்புகளினுள்ளே புகுந்த ஈரம் ஆவியாகி அவற்றைப் பிளந்துவிடும். உலர்ந்தபின் உருப்பெருக்குக் கண்ணாடியால் ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தால், பச்சை பூத்தவையும் சுற்றிலும் வளையம்போல் விரிசல் விட்டவையும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். புதிய இளக்கியும் சிறிது புதிய பற்றாசும் பெற்றாலே அவற்றுட் பல உயிர்பெறும். உள்ளே பொருள் அரிக்கப்பட்ட உறுப்புகளை மாற்றத்தான் வேண்டும். எல்லாவற்றையும் மீட்கலாம் என்று சொல்வது பொய். எதனையும் மீட்க முடியாது என்பது அதனிலும் பெரிய பொய்.

காரீயம் நல்லதா, தீயதா என்னும் விவாதமும் இங்கே எழுகிறது. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரினும் மெல்லிய உலோக இழைகள் தாமாகவே வளர்வதுண்டு. 1998ஆம் ஆண்டு மே மாதம் கலக்சி 4 என்னும் செய்மதி செயலிழந்து, அமெரிக்காவிலே பெருந்தொகையான மக்களின் பேஜர் கருவிகள் ஊமையாயின. வெள்ளீய இழைகளால் விளைந்த குறுஞ்சுற்றே அதற்குக் காரணமெனக் கண்டனர். சிறிதளவு காரீயம் சேர்ந்தால் அவ்விழைகளின் வளர்ச்சி பெரிதும் அடங்கும். விண்வெளிக் கருவிகளும் படைத்துறைக் கருவிகளும் ஐரோப்பியச் சட்டத்துக்குப் புறம்பாக விடப்பட்டன. எனவே காரீயத்துக்கும் ஓரிடம் உண்டு. ஆனால் அவ்விடம் பள்ளிக்கூடம் அன்று.

2013ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டபின், பற்றாசுக்கோல் நம் பாடசாலைகளிற் பழகிய கருவியாகி வருகிறது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யாத காரீய அளவு என ஒன்று அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பற்றவைக்கும் சூட்டிலே காரீயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. அது கையிலே படிந்து, கைவழியே வாய்க்குச் செல்கிறது. வெள்ளை நிறமாக எழும் புகை இளக்கியின் புகை. அது நெஞ்சைத் தாக்கி இழுப்பு நோயைத் தூண்டவல்லது. ஆகையால் மாணவரின் மேசைக்குக் காரீயமற்ற பற்றாசே உரியது. அது பழகுவதற்குச் சற்றுக் கடினந்தான். கடினமானதிற் பழகிய கைக்கு மற்றது எளிதாகும் என்பதால் அதுவும் ஒரு நன்மையே. புகையை முகத்திலிருந்து விலக்கி இழுக்கும் சிறு மின்விசிறி, கண்ணுக்குக் காப்பு, வேலை முடிந்ததும் சவர்க்காரம் இட்டுக் கைகழுவுதல், மேசையருகே உணவு உண்ணாமை ஆகிய நான்கும் பாடத்தின் பகுதியாகவே இருத்தல் வேண்டும். பழைய பலகைகளைச் செம்புக்காகத் தீயிட்டுக் கொளுத்தும் வழக்கத்தின் கேட்டையும் அதே மேசையிலே கற்பிக்கலாம்.

நான் இலக்கியம் படித்தவன், மின்னியல் படித்தவனல்லன். ஆயினும் ஓர் ஆசிரியனுக்கு இத்தொழிலில் மிகுதியாகத் தெரிவது அதன் ஒழுக்கமே. பார்த்தபின் தொடுதல், அளவறிந்து இடுதல், இறுகும்வரை பொறுத்தல், முடிந்தபின் மீண்டும் பார்த்தல் என்னும் நான்கையும் கற்ற பிள்ளை, எத்தொழிலுக்குச் சென்றாலும் கைகொடுப்பான். ஒரு சாமணமும், உளிமுனைக் கோலும், அரை மில்லிமீற்றர் பற்றாசுச் சுருளும், சிறிது ரொசினும், ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் ஒரு சிற்றூரின் பழுதுபார்க்கும் மேசைக்குப் போதுமான தொடக்கமாகும். நாட்டிலே அடுத்த மழை வருவது உறுதி. அம்மழைக்குப்பின் ஒரு வீட்டின் வானொலி மீண்டும் பேசுமா, குப்பைமேட்டுக்குச் செல்லுமா என்பது, அவ்வூரிலே பற்றாசின் பக்குவம் அறிந்த ஒருவர் இருப்பதையும் பொறுத்தது. அவ்வொருவரை உருவாக்கும் பணியை நம் பாடசாலைகளும் பட்டறைகளும் இன்றே மேற்கொள்ளுமாக.